பந்திக்கு நின்ற பூனை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு கல்யாண மண்டபம் இருந்ததாம். அதில் சோறு வேகிற வரைக்கும் சும்மா உட்காரத் தெரியாத ஐநூறு பேர் இருந்தார்களாம். அவர்களைச் சும்மா உட்கார வைப்பதுதான் என் தொழில். மணமேடைக்குப் பக்கத்தில் பெரிதாக ஓர் எல்இடி திரை நிற்குமே, அதைக் கட்டி, கேபிள் இழுத்து, முடிந்ததும் கழற்றி வண்டியில் ஏற்றுகிறவன் நான். பந்தல் போடும் அண்ணன்மாரே, மைக் செட்காரர்களே, பூ அலங்காரம் செய்கிறவர்களே, அடுத்த வீட்டு விசேஷத்தில் கால் கடுக்க நிற்கும் சகபாவிகளே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். மற்றவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு வேண்டியிருந்த நேரத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தாலி கட்டி முடிந்த பிறகும் முதல் பந்தி போட அரைமணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் திரையில் மணமக்கள் பெயரைச் சுற்றிப் பூக்கள் பறந்துகொண்டிருக்கும், வேறொன்றும் இருக்காது. எங்கள் முதலாளி முத்தண்ணன், “அதுல எதையாச்சும் போடணும்டா” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு ஒரு யோசனை வந்தது. சின்ன வயதில் நாம் எல்லாரும் பார்த்த பூனை–எலி கார்ட்டூனில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு காட்சி உண்டு. எலிப் பொந்துக்கு வெளியே பூனை கழுத்தில் துண்டு கட்டி, தட்டோடு காத்திருக்கும். எலி அதற்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஓடும். அந்தக் காட்சியை நம் ஊர்ப் பந்திக்குக் கொண்டுவந்தேன். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் இடம் பிடித்து நிற்பாரே, அதுதான் என் கதை. எலி இலை போட்டுச் சாப்பிடுகிறது. பூனை நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மோருக்கு வந்துவிட்டது, இனி எழுந்துவிடும் என்று பூனை நம்பும்போது எலி மறுபடி மறுபடி ரசம் கேட்கிறது. பூனை துரத்துகிறது. மேசையைச் சுற்றி ஓடித் திரும்பினால் அந்த நாற்காலியில் நீலச் சேலை கட்டிய ஓர் அக்கா. மூன்றாம் பந்தியில், மேசைப் பேப்பரை எச்சில் இலையோடு சேர்த்துச் சுருட்டும்போது பூனையின் வாலும் சேர்ந்து சுருண்டுவிடுகிறது. மொத்தம் நாலு நிமிடம்.

வாசலில் நின்று குழந்தைகளுக்குக் கைகொடுக்க வைத்திருந்த பழைய பொம்மை உடுப்பு இரண்டு எங்களிடம் கிடந்தது. பூனைக்குள் நான். எலிக்குள் எங்களோடு லைட் கட்டும் செந்தில். நடித்து எடுத்ததை மூன்று வாரம் வெட்டி ஒட்டி முடித்தேன். முத்தண்ணன் பார்த்தார், சிரிக்கவில்லை. “தை முடியறதுக்குள்ள ஒரே ஒரு வீட்டுக்காரராவது தேடி வந்து, இந்தப் பூனை படத்தை எங்க விசேஷத்துல போடுங்கன்னு கேட்டா, கம்ப்யூட்டர் முன்னால உன்னைய உக்கார வைக்கிறேன். இல்லையா, படத்தை அழிச்சிட்டுக் கேபிளைப் புடி” என்றார்.

சின்ன வயதில் எங்கள் தாத்தா கதை சொல்லும்போது நாங்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில், படம் ஓடும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் பார்ப்பேன். செய்த பெரிய தப்பு அதுதான்.

மேலூர் மீசை

முதலில் போட்டது மேலூரில். படம் தொடங்கி அரை நிமிடம் ஆகியிருக்காது, பெண் வீட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள் எல்லாரும் கழுத்தைத் திருப்பி ஓர் ஆளைப் பார்த்தார்கள். பெண்ணின் பெரியப்பா. காது வரைக்கும் மீசை. பார்த்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஆகா, படம் எடுபட்டுவிட்டது என்று நான் நினைத்தேன். திரையை ஒருத்தரும் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பெரியப்பா நேராக என்னிடம் வந்தார். என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது, அப்படிப்பட்ட குரல். “பூனைன்னா மீசை இருக்கும்லய்யா” என்றேன். உடுப்பை வண்டியில் அமுக்கி அமுக்கி ஏற்றியதில் அந்தப் பிளாஸ்டிக் மீசை இரண்டு பக்கமும் மேலே வளைந்துகொண்டது என்பதையும் சொல்லப் பார்த்தேன். அவர் கையமர்த்தினார். சத்தம் போடவில்லை. விசாரணை செய்கிறவர் மாதிரி நிதானமாகக் கேட்டார்:

“மீசை இருக்கும்ப்பா. நான் இல்லைங்கல. அதை முறுக்கி விட்டது யாரு?”

ரசம் வந்த வழி

கப்பலூரில் ஒரு வரவேற்பு. படம் முடிந்ததும் சமையல் மாஸ்டர் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதாக ஆள் வந்தது. நமக்கெல்லாம் கடைசிப் பந்தியில் மிஞ்சியதுதான் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் பந்தியில் அதுவும் மாஸ்டரே கூப்பிடுகிறார் என்றால் என்ன நினைப்பீர்கள்? ரசிகர் என்றுதான் நானும் நினைத்தேன். உட்கார்ந்தேன். சோறு வைத்த கையோடு ஒரு பையன் ரசம் ஊற்றினான். அவன் நகர்வதற்குள் இன்னொருவன் வந்தான், அவன் கையிலும் ரச வாளி. பிறகு மூன்றாவது ஆள். நான் இலையின் மேல் கையை விரித்து மறைத்தேன். நாலாவது ஆள் என் விரல் இடுக்கில் ஊற்றினான். ரசம் இலையைத் தாண்டி மேசைப் பேப்பரை நனைத்து என் மடிக்கு வந்தது. சாம்பார் கண்ணிலேயே படவில்லை.

மாஸ்டர் எதிரில் கை கட்டி நின்றார். “எலி நாலு தடவை ரசம் ரசம்னு கத்துது, ஒரு பய திரும்பிப் பாக்கலன்னு காட்டியிருக்க. நாளைக்கு எவனாச்சும் என்னைய வேலைக்குக் கூப்பிடுவானா?” அது வேறு மண்டபம், வேறு சமையல், இன்னும் சொன்னால் அது எலி என்றேன். அவர் என் மடியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இப்ப நீ கூப்பிட்டியா? கூப்பிடாமயே வந்துச்சுல்ல? இதைப் போயிப் படம் எடு.”

நீலச் சேலை

ரசக் காட்சியை வெட்டிவிட்டுச் சோழவந்தானுக்குப் போனேன். அங்கே மாப்பிள்ளையின் அத்தை நீலச் சேலையில் வந்திருந்தார். படத்தை நிறுத்தச் சொல்லலாம் என்று முத்தண்ணனைத் தேடினால் அவர் வெற்றிலைக் கொடிக்கால் ஒன்றைப் பார்க்கப் போய்விட்டார். பூனை ஓடித் திரும்ப, நாற்காலியில் நீலச் சேலை. கூட்டத்தில் யாரோ, “ஏ, நம்ம மீனாச்சி அத்தை மாதிரியே இருக்கு” என்றார்கள்.

அத்தை கைப்பையோடு என் முன்னால் வந்து நின்றார். அது அவர் இல்லை, படம் எடுத்த அன்றைக்குக் கூட்டிவந்த வேறோர் அக்கா என்று சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கவே இல்லை. “பூனை வாரது தெரியுதுல்ல? கைப்பையை அந்தப் பக்கம், கைக்குட்டையை இந்தப் பக்கம், செருப்பை அடுத்ததுல போட வேணாமா? சும்மா போயி உக்காந்திருக்கா” என்றார். மன்னிப்புக் கேட்பதா, நன்றி சொல்வதா என்று தெரியாமல் நான் நின்றேன். அத்தை போகும்போது சொன்னது:

“ஒத்த நாற்காலி புடிக்கவா ஒரு பொம்பளையை நடிக்க வச்ச? நான் இருந்தா எட்டுப் பேருக்குப் புடிச்சிருப்பேன்.”

மூன்றாம் வகுப்பு விமர்சகர்

குழந்தைகளாவது சிரிப்பார்கள் என்று நம்பினேன். அடுத்த விசேஷத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பாப்பா திரைக்கு ஒரு முழம் தள்ளி, முழுப் படத்தையும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். முடிந்ததும் என்னிடம் வந்து, “பூனைக்கு ஏன் மண்டையில புடைப்பு வரல?” என்று கேட்டாள். “இரும்புச் சட்டி ஏன் விழுகல? சுவத்துல முட்டி ஏன் அப்பளம் ஆகல?” உள்ளே இருந்தது நான்தான் பாப்பா, அப்பளம் ஆனால் வீட்டில் தேடுவார்கள் என்றேன்.

“அப்ப அந்த கார்ட்டூனையே போட்டிருக்கலாம்ல அண்ணே?”

கெட்டிமேளம் யாருக்கு

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வியர்க்கிறது. சகபாவிகளே, உங்களுக்குத் தெரியும்: பெரிய மண்டபங்களில் எங்கள் திரையில் வழக்கமாக ஓடுவது நேரலைதான். மேடையில் நடப்பது பின்வரிசைக்குத் தெரிய வேண்டும் என்று காமிராவிலிருந்து நேராகத் திரைக்கு விடுவோம். சில வீடுகளில் சாப்பாட்டுக் கூடத்தையும் காட்டச் சொல்வார்கள். ஆகவே திரையில் எது தெரிந்தாலும் அது இந்த மண்டபத்தில் இந்த நிமிடம் நடக்கிறது என்று நம் ஜனத்துக்கு ஒரு நம்பிக்கை.

அப்படியொரு மண்டபத்தில் அன்றைக்கு முகூர்த்தம் தள்ளிக்கொண்டே போனது. பெண்ணுக்குக் கூறைச் சேலை கட்ட நேரமாகிறது என்றார்கள். “சும்மா கிடக்குல்ல, படத்தைப் போடு” என்றார் முத்தண்ணன். போட்டேன். திரையில் நீள மேசை, வரிசையாக இலை, ஒரு எலி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கிறது. பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “ஏப்பா, பந்தி ஓடிட்டு இருக்கு, இங்க உக்காந்து என்ன பண்றீக?” அவ்வளவுதான். அவர் வரிசை எழுந்தது, பக்கத்து வரிசை எழுந்தது, பிறகு ஆண்கள் பக்கம் முழுக்க, அவர்கள் பின்னால் பெண்கள் பக்கமும். “வேஷக்காரனுக்கெல்லாம் முதப் பந்தி, நம்மளை உக்கார வச்சுட்டாய்ங்க” என்று ஒருத்தர் வருத்தப்பட்டுக்கொண்டே ஓடினார். இரண்டு நிமிடத்தில் நாற்காலிகள் மட்டும் மிஞ்சின.

அந்த நேரத்தில் பெண் வந்துவிட்டது. மேடையில் ஐயர், மாப்பிள்ளை, பெண், இரண்டு பக்கத்துப் பெற்றோர், போட்டோகிராபர். கீழே மேளக்காரர்களும் நானும். பெண்ணின் அப்பா கூடத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுதப்போவதில்லை. மூடியிருந்த சாப்பாட்டுக் கூடக் கதவை எல்லாரும் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மேளக்காரர் தவிலைத் தொடையில் சரித்துக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

“தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. கெட்டிமேளம் இப்ப யாருக்கு வாசிக்க?”

மூன்று பந்தி

அதற்குப் பிறகு படத்தின் மேல் ‘இது நேரலை அல்ல’ என்று கொட்டை எழுத்தில் போட்டேன். முத்தண்ணன் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பேசியபோது, “இன்னும் ஒரே ஒரு தடவை. அதுலயும் சத்தம் வந்துச்சுன்னா நீயே உன் கையால அழிச்சிரணும்” என்றார். தை முடிய நாலு நாள் இருந்தது.

அது செக்கானூரணிப் பக்கம் ஒரு காதுகுத்து. தாய்மாமன் ராசு மேளதாளத்தோடு சீர்த்தட்டு கொண்டுவந்து இறக்கி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை, தோளில் துண்டு. பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டியதுதான் பாக்கி. காது குத்துகிற ஆசாரி வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. படத்தைப் போட்டார்கள்.

சிரித்தார்கள், அண்ணன்மாரே. முதல்முறையாக, திரையைப் பார்த்தே சிரித்தார்கள். பூனை கையைப் பிசைந்தபோது ஓர் அம்மா பக்கத்து அம்மாவை அடித்துச் சிரித்தார். நான் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் வரிசையில் ஒரு முகம் மட்டும் இறுகிக்கொண்டே போனது. படத்தில் முதல் பந்தி முடிந்தது, பூனைக்கு இடமில்லை. இரண்டாம் பந்தி, இடமில்லை. மூன்றாம் பந்தியில் வால் சுருண்டபோது ராசு எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். தன் ஆட்களைப் பார்த்து, “சீர்த்தட்டையெல்லாம் எடுங்கப்பா. கிளம்புவோம்” என்றார்.

மடியில்லாமல் காது குத்த முடியாது. தாய்மாமன் வெளியேறிப் போனால் பிள்ளையோடு அந்த உறவும் முடிந்தது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அவருடைய அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தார். “என்னடா ராசு, யாரு என்ன சொன்னா?” அவர் அக்காவையும் இழுத்துக்கொண்டே வாசல்வரைக்கும் போய்விட்டார். முத்தண்ணன் என்னைப் பார்த்தார். நான் போய் வழியில் நின்றேன்.

“அண்ணே, அந்தப் படம் நான் எடுத்தது.”

“யாரு எடுக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லலண்ணே. நானாத்தான்.”

“எங்க மச்சான் சொல்லாம, அவர் புதுவீட்டுப் பால்காய்ச்சுல நான் மூணு பந்தி நின்னது உனக்கு எப்படித் தெரியும்?”

சொன்ன பிறகுதான், தன் வாயால் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. அக்காவின் கை தளர்ந்தது. “நீ சாப்பிட்டேன்னு சொல்லிட்டுல்ல போன?” என்றார். பிள்ளையின் அப்பா, அதுதான் அந்த மச்சான், சந்தனக் கையோடு வந்து நின்றார். “மாப்ள, நீ சாப்பிடாமயா போன? ரெண்டு வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே நீ” என்றார்.

“எப்படிக் கேப்பேன்? கூடப்பொறந்தவ வீட்டுல எனக்கு எலை போடலையேன்னு நானே வந்து கேக்கணுமா?”

நான்தான் பேசினேன், எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை. “அண்ணே, அது நீங்க நின்னது இல்லண்ணே. பூனைக்குள்ள இருந்தது நான். ஒரு கல்யாணத்துல கேபிளைக் கையில புடிச்சுக்கிட்டு நான் நின்னதைத்தான் எடுத்தேன். வேலைக்கு வந்தவன்தானேன்னு யாரும் உக்காரச் சொல்லல.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எத்தனை பந்தி?”

“நாலு.”

“நாலா?” என்றார். முகம் கொஞ்சம் இளகியது. தன்னைவிட ஒரு பந்தி அதிகம் நின்றவனைப் பார்த்ததில் அவருக்கு என்ன ஆறுதலோ தெரியவில்லை. அக்கா அழுதுகொண்டே அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் அந்த இழுப்புக்கு நடந்து வந்தார். ஆசாரி வந்து சேர்ந்தார். பிள்ளை ராசுவின் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்கிற மாதிரி கத்தியது.

முதல் பந்தியில் மச்சானே நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். உட்கார வைத்ததோடு விட்டாரா? யாரும் வந்து அவசரப்படுத்திவிடக்கூடாது என்று நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே காவல் நின்றார். இரண்டு கவளம் ஆனதும் ராசு திரும்பாமலே சொன்னார்: “மச்சான், பின்னால நிக்காதீக. சோறு எறங்க மாட்டேங்குது.” அக்கா என்னையும் இழுத்துப்போய் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார வைத்தார்.

எல்லாரும் போய்விட்டார்கள். வண்டிகள் கிளம்பிவிட்டன. நான் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன், முத்தண்ணன் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக ராசு மட்டும் வெற்றிலை மென்றுகொண்டு திரையிடம் வந்தார். முத்தண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். சத்தம் வந்தாயிற்று, நானும் படத்தை அழிக்கத் தயாராகத்தான் இருந்தேன்.

“வைகாசியில எம் மகளுக்குக் கல்யாணம்” என்று முத்தண்ணனிடம் சொன்னார் ராசு. “அந்தப் பூனை படத்தைப் போடணும்.” முத்தண்ணன் என் பக்கம் திரும்பவில்லை, என் கையிலிருந்த கேபிளை வாங்கித் தானே சுற்றத் தொடங்கினார். ராசு வாசல்வரை போய், நின்று, என்னைப் பார்த்துச் சொன்னார்:

“கடைசியில அந்தப் பூனைக்கு ஒரு எலை போட்டுரு தம்பி. இல்லாட்டிக் கொண்டு வராத.”

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நடந்துவிட்டார்.

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: சிரித்தவர்கள் யாரும் திரும்பிக் கூப்பிடுவதில்லை, கோபித்துக்கொண்டு எழுந்தவர்தான் தேதி சொல்லிவிட்டுப் போகிறார்.